வழித்தோன்றல்கள் உட்பட

யூதர்களின் வருஷத்தை முடித்துவைக்கும் எலுல் மாதத்தின் கடைசி நாள் காலை, ஹெஸ்கேல் மூராத் கோர்ட்டுக்குக் கிளம்புகிறவரைப் போல உடுத்திக்கொண்டு ஜெப ஆலயத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கோட்டு, மேல்பையில் இரண்டு பேனா. உள்பையில் தட்டச்சு செய்த மனு, அசல் ஒன்று, நகல் ஒன்று. சபதத்திலிருந்து விடுதலை கேட்பவன் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, காகிதத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகவே அர்த்தமில்லை.

மற்றவர்களுக்கு இது ஒன்றரை நிமிஷ வேலை. ஒரு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து வந்து, 'பாவம் செய்தோம், துரோகம் செய்தோம்' என்று மார்பில் தட்டிக்கொண்ட அதே கூட்டம், புத்தாண்டுக்கு முந்தின காலையில் மூன்று மூன்று பேராக உட்காரும். ஒருவர் எதிரே எழுந்து நின்று, இந்த வருஷம் வாய் தவறி நேர்ந்துகொண்டு மறந்துபோனதிலிருந்தெல்லாம் என்னை விடுவியுங்கள் என்று புத்தகத்தைப் பார்த்து முணுமுணுப்பார். உட்கார்ந்திருக்கும் மூவரும் நீதிபதிகள். விடுவித்தோம் என்று மூன்று தடவை சொல்வார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். நேற்று வரை கோழி விற்றவன் இன்று நீதிபதி, அடுத்த நிமிஷம் குற்றவாளி, அதற்கடுத்த நிமிஷம் மறுபடியும் கோழிக்கடை.

இந்த ஏற்பாடு ஹெஸ்கேலுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எந்த மூன்று பேரும் கோர்ட்டாகிவிடலாம் என்றால், அப்புறம் கோர்ட்டு எதற்கு, அதில் முப்பத்தோரு வருஷம் ஒருவர் எதற்கு?

ஆனால் அவருக்கு இன்று வேறு வழி இல்லை. சாயங்காலம் மகன் வீட்டில் பண்டிகை விருந்து. அங்கே பேரன் இருக்கிறான்.

பேரனுக்கு வயது பதினோரு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தலைமகனின் தலைமகனுக்குத் தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்துவிடுவார்கள். ஆகவே அவனும் ஹெஸ்கேல்தான். எட்டாம் நாள் விருத்தசேதன விருந்தில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னபோது பெரிய ஹெஸ்கேல் இரண்டு அங்குலம் உயர்ந்துபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்த உயரத்திலிருந்துதான் அவர் விழுந்தார்.

விழவைத்தது சம்பந்தி ஷாபோ. மருமகளின் அப்பா. சந்தையில் ஊறுகாயும் ஆலிவும் விற்கும் குர்திஸ்தான்காரர். மெதுவாகப் பேசுவது என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அவர் காதுக்கு எட்டவில்லை. ஹெஸ்கேல் யாரோ ஒரு விருந்தாளியிடம் "நாங்கள் நீதித்துறையில்" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஷாபோ குரல் கொடுத்தார். "நம்ம சம்பந்தியா? ஜட்ஜுங்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவராச்சே இவரு."

விருந்து சிரித்தது. ஹெஸ்கேல் எழுந்தார். கையை மேஜைமேல் வைத்தார். சபதம் செய்தார்.

கோபத்தில் சபதம் செய்கிற சாதாரண மனிதன், "உன் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். ஹெஸ்கேல் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஓட்டை உள்ள ஆவணம் எதுவும் அவர் கையிலிருந்து போனதே கிடையாது. "இந்த மனிதரின் கையாலோ, இவர் இல்லத்திலிருந்தோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, முகவர்கள், மனைவி மற்றும் வழித்தோன்றல்கள் உட்பட எவர் மூலமாகவோ வரும் எந்த உணவும், பானமும், ஒரு கல் உப்பும், என் உயிருள்ளவரை என் வாயில் நுழையாது" என்றார். தடுமாறாமல் சொன்னார். மொழியின் கம்பீரத்தில் எல்லோரும் வாயடைத்துப்போனதாக அவர் நினைத்தார். உண்மையில் ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்த பிறகுதான் 'வழித்தோன்றல்கள்' என்ற சொல் அவரைத் திரும்பிப் பார்த்தது. மருமகள் ஹதாஸ் ஷாபோவின் மகள். அவள் சமைப்பது தடை. மனைவி போய் ஆறு வருஷம் ஆன மனிதருக்கு, ஓய்வுநாள் பிறக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் வேறு போக்கிடமும் இல்லை. அன்றிலிருந்து மகன் வீட்டுக்கு அவர் ஒரு டப்பாவோடு போனார். உள்ளே அவித்த முட்டை இரண்டு, ரொட்டி, உப்புக்குத் தனியாக ஒரு சிறு பொட்டலம். எல்லோரும் கறி உருண்டை மிதக்கும் குப்பா சூப் குடிக்க, அவர் முட்டையை உரிப்பார். பஸ்கா விருந்தன்றும் அப்படித்தான், ரொட்டிக்குப் பதில் புளிக்காத அப்பம். பதினோரு மாதத்தில் அவித்த முட்டையின்மேல் அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு ஷாபோமேல்கூட இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஐந்து வாரத்துக்கு முன்னால் நடந்தது. மடியில் உட்கார்ந்திருந்த சின்ன ஹெஸ்கேல், பாதி சப்பிய பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்து, யோசித்து, தாத்தாவின் உதட்டருகே நீட்டினான். பையன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பிறருக்குக் கொடுக்கும் பொருள். ஹெஸ்கேல் வாயை இறுக்க மூடிக்கொண்டார். வழித்தோன்றல். பையன் மறுபடி நீட்டினான். முகத்தைத் திருப்பினார். மூன்றாம் தடவை பிஸ்கட் அவர் கன்னத்தில் பட்டு உடைந்தது. பையனின் கீழுதடு மெதுவாகப் பிதுங்கியது. அதற்குப் பிறகு அவன் அந்த மடிக்கு வரவே இல்லை. தாத்தாவைக் கண்டால் நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்து போய்விடுகிறான்.

அதனால்தான் மனு.

அவருக்கு வாய்த்த கோர்ட்டு: பஸ் டிரைவர் கதூரி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஸல்மான், முடி வெட்டும் மென்ஷே. ஸல்மான் ரப்பர் செருப்போடு வந்திருந்தார். பின்பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர்.

"மனுவை யாரிடம் சமர்ப்பிக்க வேண்டும்?" என்றார் ஹெஸ்கேல்.

"எதுக்குண்ணே மனு? வாயிலே சொல்லுங்க."

"அசல் உங்களுக்கு. நகல் எதிர்த்தரப்புக்கு."

"எதிர்த்தரப்பு யாரு, ஆண்டவரா?" என்றார் ஸல்மான். "எனக்குப் பத்து மணிக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. சீக்கிரம்."

மாத ஆரம்பத்திலும் ஒரு தடவை நடக்கும் இதே சடங்கில் ஹெஸ்கேல் கும்பலோடு கும்பலாக நின்று பொதுவான வாசகத்தை முணுமுணுத்துப் பார்த்திருந்தார். அன்று பக்கத்தில் இருந்த கதூரி, அது மறந்துபோன சபதத்துக்குத்தான் செல்லும், ஞாபகம் இருக்கிறதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகணும் என்று கெடுத்துவிட்டார். கதூரி பஸ் ஓட்டும்போதெல்லாம் ரேடியோவில் வேதப் பாடம் கேட்பவர். ஊரில் பாதிப் பேர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போனதும் அந்தப் பாடங்களால்தான்.

ஹெஸ்கேல் வாசித்தார். மூவரும் கேட்டார்கள்.

"ஒரு கல் உப்பு வரைக்கும் விடல," என்றார் ஸல்மான் மரியாதையோடு.

"வழித்தோன்றல்னா?" என்று கேட்டார் மென்ஷே.

"பிள்ளைகள். பேரப்பிள்ளைகள்."

"ஷாபோவுக்குப் பேரப்பிள்ளை ஒண்ணே ஒண்ணுதானே. அது உங்க…"

"ஆம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸல்மான் இருமினார். "அண்ணே, சொந்தப் பேரன்மேலயே தடை உத்தரவு வாங்கியிருக்கீங்களே."

"சிரிக்காதப்பா, கோர்ட்டு," என்றார் மென்ஷே, தாமே சிரித்துக்கொண்டு.

கதூரி மட்டும் சிரிக்கவில்லை. "இந்தச் சபதம் செஞ்சதுக்கு வருத்தப்படறீங்களா? அதுதான் முதல் கேள்வி."

"வரைவு தேவைக்கு மேல் விரிவாக அமைந்துவிட்டது என்பதற்கு வருந்துகிறேன்."

"வரைவை விடுங்க. சபதத்துக்கு?"

"அந்தச் சூழ்நிலையில் அது நியாயமானதே."

"அப்போ நாங்க எதை அவிழ்க்கறது? முடிச்சு போட்டது சரிதான், ஆனா அவிழ்த்துக் கொடுங்கன்னா எப்படி?" கதூரி தொடையைச் சொறிந்தார். "அது போகட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கு. சபதம் அவரு முன்னாடியே செஞ்சீங்க இல்ல? ஒருத்தன் கையாலே எதுவும் வாங்கமாட்டேன்னு அவன் முகத்துக்கு நேரா நேர்ந்துக்கிட்டா, அவன் முகத்துக்கு நேராத்தான் விடுவிக்கணும். ஷாபோ இங்க இருந்தாகணும்."

"எந்த நூலில் இருக்கிறது?"

"ரேடியோவிலே சொன்னாங்க."

"ரேடியோ சாட்சியம் ஆகாது."

கதூரி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இறக்கி, விரலை வைத்துக் காட்டினார். ஹெஸ்கேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். விதிவிலக்கு எங்காவது இருக்கும் என்று அடிக்குறிப்புகளிலும் தேடினார். யாரோ அவரைப் போலவே ஓட்டையில்லாமல் எழுதுகிற ஒருவர் எழுதிய புத்தகம் அது.

"இன்று அவர் சந்தையில் இருப்பார்," என்றார் ஹெஸ்கேல். குரல் சற்று இறங்கியிருந்தது. "வருஷத்திலேயே கூட்டமான நாள். வரமாட்டார்."

"நாம போவோம்," என்றார் கதூரி. "கோர்ட்டுக்குக் கால் இருக்கு."

ஸல்மான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஹெஸ்கேல் மூராத்தை ஷாபோவின் கடை வாசலில் பார்க்கும் வாய்ப்பை எடைபோட்டார். ஃப்ரிட்ஜ் காத்திருக்கட்டும் என்று தீர்மானித்தார். போகிற வழியில் கதூரி கேட்டுக் கேட்டு பிஸ்கட் விஷயத்தையும் ஹெஸ்கேலிடமிருந்து வாங்கிவிட்டார்.

சந்தையில் மாதுளையும் பேரீச்சையும் மலை மலையாகக் கிடந்தன. ஆட்டுத்தலை வாங்க ஒரு வரிசை, தேன் வாங்க ஒரு வரிசை. எல்லாவற்றையும்விட நீளமானது ஷாபோ கடை வரிசை. பீப்பாய்களுக்கு நடுவில் நின்று, முழங்கை வரை சிவந்த கையால் டர்னிப் ஊறுகாயை அள்ளிக்கொண்டிருந்த ஷாபோ, கோட்டு போட்ட மனிதரையும் பின்னால் வந்த மூவரையும் பார்த்தார். அள்ளுவதை நிறுத்தவில்லை.

"வாங்க சம்பந்தி. வரிசை அங்க முடியுது."

"நான் வாடிக்கையாளனாக வரவில்லை."

"அப்படி வந்தாலும் வரிசை அங்கதான் முடியுது."

ஹெஸ்கேல் போய் வரிசையில் நின்றார். முன்னால் ஒரு அம்மாள், இரண்டு பை மாதுளை. பின்னால் இன்னொரு அம்மாள், கூடையில் பூசணிக்காய். நீதிபதிகள் மூவரும் கடை ஓரமாகக் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். ஸல்மான் ஆலிவை ருசி பார்க்கத் தொடங்கினார். பதினேழு நிமிஷம் ஆயிற்று. கோர்ட்டில் எத்தனையோ பேரை அவர் வெளி பெஞ்சில் காக்கவைத்திருக்கிறார். கால் வலிக்கும் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"என்ன வேணும்?" என்றார் ஷாபோ, முறை வந்ததும்.

"ஒரு மனுவை உங்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டியிருக்கிறது."

"ஊறுகாய் வேண்டாம்னா எதுக்கு வரிசையிலே நின்னீங்க?" என்றாள் பூசணிக்காய்.

"சபதம் அவிழ்க்க வந்திருக்காரும்மா," என்றார் கதூரி. "ரெண்டு நிமிஷம்."

அவ்வளவுதான், வரிசை கலைந்து வட்டமாயிற்று. புத்தாண்டுக்கு முந்தின நாள் பிறத்தியார் பாவம் காதில் விழுவது பாக்கியம். ஹெஸ்கேல் வாசித்தார். சபதத்தின் வாசகத்தை ஷாபோ இரண்டாம் தடவையாகக் கேட்டார். 'முகவர்கள்' என்ற இடத்தில் யாரோ அது யார் என்று விளக்கம் கேட்டார்கள். மென்ஷே சொன்னார், "தரகருங்கம்மா."

"எதனாலே சபதம் செஞ்சீங்க?" என்றார் கதூரி. "அதையும் சொல்லணும்."

"விருந்தில் இவர் என் பணியைக் குறித்துத் தரக்குறைவாக…"

"என்ன சொன்னாரு?"

"நான் நீதிபதிகளுக்கு…" ஹெஸ்கேல் தொண்டையைச் செருமினார்.

"கேக்கல," என்றது வட்டத்தின் பின்வரிசை.

"தேநீர் கொடுத்தேன் என்று."

"கொடுத்தீங்களா?"

"என் பதவியின் பொறுப்புகள் பலதரப்பட்டவை. ஆவணங்களைப் பராமரித்தல், சம்மன்களை…"

"அண்ணே," என்றார் கதூரி. பஸ்ஸில் சீட்டு எடுக்காதவனிடம் பேசுகிற அதே பொறுமையோடு. "கொடுத்தீங்களா, இல்லையா?"

ஹெஸ்கேல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை.

"கொடுத்தேன்," என்றார். "ஆறு வருஷம். இந்த நாட்டுக்கு வந்த புதுசுல. அகதிக் கூடாரத்துல இருந்தோம், கிடைச்ச வேலை அது. அப்புறந்தான் குமாஸ்தா ஆக்கினாங்க."

இந்த ஊருக்கு வந்த நாளாக ஹெஸ்கேல் மூராத் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பூசணிக்காய் அம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

ஷாபோ கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நீ என்னை முடிக்கவே விடலியே, சம்பந்தி. டீன்னு சொன்னதுமே எந்திரிச்சு நின்னுட்ட. மிச்சம் என் வாயிலேயே தங்கிப்போச்சு."

"மிச்சமா?"

"நான் வந்த ரெண்டாம் வருஷம். லைசென்ஸ் இல்லாம தள்ளுவண்டி வெச்சிருந்தேன்னு கோர்ட்டுக்கு இழுத்துட்டாங்க. எனக்கு மொழியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. காலையிலேர்ந்து வெளி பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். நடுங்குது. எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. தட்டோட ஒரு ஆளு உள்ளே போனான். திரும்பி வரும்போது ஒரு கிளாஸை என் கையில வெச்சிட்டு, நம்ம பழைய ஊர்ப் பாஷையில, 'குடி, தூக்கிலயா போடப்போறாங்க'ன்னான். அது நீ. கல்யாணப் பேச்சுக்கு நீ வந்தப்பவே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் நடுவுல சொல்லணும்னு பேரன் விருந்து வரைக்கும் வெச்சிருந்தேன்."

ஹெஸ்கேல் யோசித்தார். முப்பத்தோரு வருஷத்துக் கோப்புகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லியே," என்றார்.

"எனக்கு இருக்கு. டீ ஆறிப்போயிருந்துச்சு. சர்க்கரையும் இல்ல."

வட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது மிளகாய் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருந்ததாலும் இருக்கலாம்.

"இப்போ சொல்லுங்க," என்றார் கதூரி. "சபதம் செஞ்ச அன்னிக்கு, இந்தக் குழந்தை வளரும், கையிலே பிஸ்கட்டோட உங்ககிட்ட வரும்னு யோசிச்சிருந்தா, செஞ்சிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"வருத்தப்படறீங்களா?"

"வருத்தப்படறேன்."

"வரைவுக்கா?"

"இல்லப்பா. எல்லாத்துக்கும்."

மூவரும் எழுந்திருக்கவில்லை. நீதிபதிகள் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். "விடுவித்தோம், மன்னித்தோம், அனுமதித்தோம். இங்கே சபதமும் இல்லை, ஆணையும் இல்லை," என்று ஒன்றாகச் சொன்னார்கள். இரண்டாம் தடவை சொன்னார்கள். மூன்றாம் தடவை ஸல்மானின் குரல் குழம்பியது.

"கடைசி தடவை ஒருவர் சொன்னது தெளிவாக இல்லை," என்றார் ஹெஸ்கேல். அத்தனைக்குப் பிறகும் அவர் அவர்தான்.

ஸல்மான் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு, மறுபடி தெளிவாகச் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் ஷாபோ, கரண்டியை எடுத்துக்கொண்டே. "பதினோரு மாசமா நீ டப்பாவைத் திறந்து முட்டை உரிக்கிறதை, வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிக்கு நடிச்சுக் காட்டிட்டிருந்தேன். மன்னிச்சிரு."

"எப்படி நடிச்ச?"

ஷாபோ நடித்துக் காட்டினார். உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சுண்டுவிரலை நீட்டுவது உட்பட. வட்டம் சிரித்தது. ஹெஸ்கேல் எழுந்து நின்று சபதம் எதுவும் செய்யவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கடைசியில் மனுவின் நகலை ஷாபோவிடம் முறைப்படி ஒப்படைத்தார். ஷாபோ நன்றி சொல்லி வாங்கி, அதிலேயே பூசணிக்காய் அம்மாளுக்குக் கால் கிலோ ஆலிவ் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"ஒரு துண்டு டர்னிப் சாப்பிட்டுப் பாரு சம்பந்தி. தடைதான் போயிருச்சே."

"இல்ல. முதல்ல சாப்பிட வேண்டியது வேற ஒருத்தன் கையால."

சாயங்காலம் அவர் மகன் வீட்டுக்குப் போனபோது கையில் டப்பா இல்லை. கதவைத் திறந்த ஹதாஸ் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். விஷயம் சந்தையிலிருந்து அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "வாங்க மாமா," என்று மட்டும் சொன்னாள். மேஜையில் பேரீச்சையும் பீட்ரூட்டும் காராமணியும் நடுவில் ஆட்டுத்தலையும் இருந்தன. வரும் வருஷம் நாங்கள் வாலாக அல்ல, தலையாக இருப்போமாக என்று வேண்டிக்கொள்ள வைப்பது. இந்த வேண்டுதல் பொதுவானது அல்ல, தன்னைக் குறித்தது என்று பல வருஷமாக ஹெஸ்கேல் எண்ணியிருந்தார். இன்று அவர் மேஜைப் பக்கமே போகவில்லை.

தரையில், நாற்காலிக்குப் பின்னால் சின்ன ஹெஸ்கேல் இருந்தான். கையில் பிஸ்கட். பெரிய ஹெஸ்கேல் சாம்பல் நிறக் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. வாயைத் திறந்தார்.

பையன் பார்த்தான். பிஸ்கட்டைத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

ஹெஸ்கேல் பல் டாக்டரிடம் வந்தவரைப் போல வாயைத் திறந்தபடியே இருந்தார். மனைவியோடு உள்ளே வந்த ஷாபோ வாசலிலேயே நின்றுவிட்டார். நடித்துக் காட்ட இதைவிட நல்ல காட்சி இனி கிடைக்காது, ஆனால் அவர்கூட அப்போது சத்தம் போடவில்லை. பையன் தவழ்ந்து வந்தான். தாத்தாவின் வாய்க்குள் விரலை விட்டுப் பற்களைச் சோதித்தான். பின்வரிசையில் இரண்டு இல்லாததைக் குறித்துக்கொண்டான். பிஸ்கட்டை எடுத்து நாக்கில் வைத்தான். உடனே மனம் மாறித் திரும்ப எடுத்து, ஒரு தடவை சப்பிவிட்டு, மறுபடி வைத்தான்.

ஹெஸ்கேல் வாயை மூடினார். மென்றார். விழுங்கினார்.

"என்னம்மா இது, உப்புக் கரிக்குது," என்றார்.

"பிஸ்கட்டுக்கு முன்னாடி அந்தக் கையிலே ஊறுகாய் வெள்ளரிக்காய் வெச்சிருந்தான் மாமா," என்றாள் ஹதாஸ். "எங்கப்பா கடையுது."

ஹெஸ்கேல் வாசலைப் பார்த்தார். ஷாபோ கூரையைப் பார்த்தார். பையன் பிஸ்கட்டின் இன்னொரு துண்டைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான். ஹெஸ்கேல் மறுபடி வாயைத் திறந்தார்.